பிலிப்பைன்ஸ் வரலாறும் மரபும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவம் படிக்கப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிலிப்பினோக்களுக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவர்கள், கப்பலில் அவர்களோடு மாதக்கணக்கில் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் என்று நம்மவர்களுக்கு அந்த நாட்டுடன் பழக்கம் நிறைய. அதன் கதை தெரிந்தவர்கள்தான் குறைவு. “ஸ்பெயின் வைத்த பெயர், அமெரிக்கா கொடுத்த ஆங்கிலம், அவர்களுக்கென்று சொந்தமாக என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்களும் உண்டு. நிறைய இருக்கிறது. கடல் கொண்டுவந்து சேர்த்ததையெல்லாம் வாங்கி, தங்கள் கைப்பக்குவத்தில் வேறொன்றாக ஆக்கிக்கொண்ட மக்கள் அவர்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பிலிப்பைன்ஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அதற்கு முன் அது ஒரே நாடாக இருந்ததா?

1543-இல் வந்த ஸ்பானியத் தளபதி வில்லாலோபோஸ், தங்கள் இளவரசர் பெலிப்பேயின் பெயரை லேய்தே, சாமார் பகுதித் தீவுகளுக்குச் சூட்டினார். இளவரசர் பின்னாளில் மன்னர் இரண்டாம் பெலிப்பே ஆனார். பெயரும் மெல்ல மெல்ல 7,600-க்கும் மேற்பட்ட தீவுகளுக்குப் பொதுவாயிற்று.

முன்பு அது ஒரே நாடு அல்ல. தெற்கே சூலுவில் 15-ஆம் நூற்றாண்டிலேயே சுல்தானகம் இருந்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் கடலோரமும் ஆற்றங்கரையும் ஒட்டிய சிறு சமூகங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘தாத்து’ எனப்படும் தலைவர். அந்தச் சமூகத்துக்குப் பெயர் ‘பராங்காய்’. அது படகைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஒரே படகில் வந்து இறங்கியவர்கள் ஓர் ஊரானார்கள் என்ற பழைய நினைவு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இன்றும் அந்நாட்டு நிர்வாகத்தின் கடைசிப் படி பராங்காய்தான். மணிலாவின் அடுக்குமாடியில் குடியிருப்பவரும் முகவரி எழுதும்போது தன் ‘படகின்’ பெயரைத்தான் எழுதுகிறார்.

ஸ்பானியர் வருவதற்கு முன் அவர்களுக்கு எழுத்து இருந்ததா?

இருந்தது. அதற்கான மிகப் பழைய சான்று நமக்கு மிக நெருக்கமாகவே பேசுகிறது.

1989-இல் லகூனா மாகாணத்தில் லும்பான் ஆற்றின் அருகே மணல் அள்ளும்போது, கறுத்து மடங்கிய ஒரு செப்புத் தகடு கிடைத்தது. ஏறத்தாழ ஒரு A4 தாளின் அளவுள்ள தகடு. அதில் பத்து வரிகள். எழுத்து, ஜாவாவில் வழங்கிய பழைய காவி எழுத்து. மொழி, சமஸ்கிருதச் சொற்கள் கலந்த பழைய மலாய். மிண்டோரோ தீவில் வாழ்ந்த டச்சு அறிஞர் அந்தோன் போஸ்ட்மா அதைப் படித்தபோது முதல் வரி இப்படித் தொடங்கியது: ‘ஸ்வஸ்தி, சக வருஷம் 822, வைசாக மாசம், கிருஷ்ண பட்சம், சதுர்த்தி, சோமவாரம்’. நம் பஞ்சாங்கத்தைப் புரட்டியவர் யாருக்கும் இந்த வரிக்கு உரை வேண்டியதில்லை. ஆங்கிலக் கணக்கில் அது கி.பி. 900, ஏப்ரல் 21.

செய்தி என்ன தெரியுமா? போர் வெற்றி அல்ல, மன்னர் புகழும் அல்ல. ஒரு கடன் தீர்ந்த கதை. நம்வரான் என்பவர் பட்டிருந்த ஒரு கட்டி, எட்டு சுவர்ணம் (இரண்டும் அக்கால எடை அளவுகள்) பொன் கடன் முழுவதும் தீர்ந்தது என்று அவருடைய மகள் அங்காத்தானுக்கும் உறவினர் புகாவுக்கும் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் அது. ‘சேனாபதி’, ‘நாயக’, ‘ஜயதேவ’ போன்ற சொற்கள் அதில் வருகின்றன. ‘தூண்டூன்’ என்ற ஊர்ப்பெயரும் வருகிறது. மணிலாவின் நெரிசல் மிகுந்த இன்றைய தோண்டோ பகுதிதான் அது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பிற்காலத்தில் யாராவது இந்தக் கடன் தீரவில்லை என்று சொன்னால், என்று தொடங்கும் கடைசி வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. மீதி வேறொரு தகட்டில் இருந்திருக்க வேண்டும்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், பாக்கி தீர்ந்ததற்குச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்ட ஒரு பெண்ணின் பெயர் நமக்குத் தெரிகிறது. எனக்கு அந்நாட்டு வரலாற்றில் இதைவிடப் பிடித்த பொருள் வேறில்லை.

பைபாயின் எழுத்தைப் பாதிரியார்கள் எரித்து அழித்துவிட்டார்கள் என்கிறார்களே?

அப்படிச் சொல்வது எளிது, நடந்தது வேறு. பைபாயின் நம் எழுத்துகளைப் போலவே பிராமி வழியில் வந்தது. மணிலா வட்டாரத்தின் தகலோக் மொழிக்கு வழங்கிய வடிவில் 3 உயிர், 14 மெய், ஆக 17 குறிகள். ஒவ்வொரு மெய்யும் அகரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும். மேலே ஒரு சிறு கீறல் போட்டால் இகரம், கீழே போட்டால் உகரம். அந்தக் கீறலுக்குப் பெயர் ‘குட்லித்’.

நம்மிடம் இருந்து அவர்களிடம் இல்லாமல் போனது புள்ளி. தனி மெய்யைக் காட்ட வழியில்லை. ‘புண்டோக்’ என்றால் மலை. அதைப் ‘பு-டோ’ என்றுதான் எழுத முடியும். மீதியைப் படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். 1620-இல் பிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற பாதிரியார் எழுத்துக்குக் கீழே சிறு சிலுவைக்குறி இட்டு மெய்யைக் காட்டலாம் என்று புகுத்திப் பார்த்தார். மக்களிடம் அது எடுபடவில்லை.

1593-இல் மணிலாவில் அச்சான கிறிஸ்தவ ஞானோபதேச நூலில் ஸ்பானிய மொழியோடு பைபாயினில் தகலோக்கும் இருக்கிறது. அழிக்க நினைத்தவர்கள் அதில் அச்சிட்டிருக்க மாட்டார்கள். நிலப்பத்திரம், வரி, வழக்கு எல்லாம் ரோமன் எழுத்துக்கு மாறியபோது பழைய எழுத்தின் தேவை குறைந்தது. ஓர் எழுத்து சாவதற்கு நெருப்பு தேவையில்லை, அலுவலகத்தில் அது செல்லாது என்றாலே போதும்.

ஆனால் அந்தக் குடும்பமே செத்துவிடவில்லை. மிண்டோரோ மலைகளில் வாழும் ஹனுனோ, புஹித் மங்யான் மக்களும், பலவான் தீவின் தக்பன்வா மக்களும் தங்கள் எழுத்துகளை விடாமல் வைத்திருந்தார்கள். 1999-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் அவை சேர்ந்தன. ஹனுனோ மக்கள் ‘அம்பஹான்’ என்ற பாடலைக் கத்தி முனையால் மூங்கிலில் கீறி எழுதுகிறார்கள். அடிக்கு ஏழு அசை, அடியிறுதியில் இயைபு. காதலைச் சொல்ல, விருந்தாளியை வரவேற்க, பிரிந்து போகிறவரை வழியனுப்ப என்று எல்லாவற்றுக்கும் அதில் பாட்டு உண்டு. அம்பஹான் கவிஞர் கினாவ் பிலோக், 1993-இல் அரசின் முதல் வாழும் கலைச்செல்வர் விருதுகளில் ஒன்றைப் பெற்றார்.

சோழர்கள் பிலிப்பைன்ஸை ஆண்டார்களா?

இந்தக் கேள்வி வராத வாரமில்லை. செபு தீவில் அரசு நிறுவியவர் பாதித் தமிழரான ‘ஸ்ரீ லுமாய்’ என்ற சோழ இளவரசர் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. அது உள்ளூர்ப் புராணக்கதை. அக்காலத்துக் கல்வெட்டோ, செப்பேடோ, அயல்நாட்டுக் குறிப்போ அதற்குத் துணை நிற்கவில்லை. இராசேந்திர சோழன் 1025 வாக்கில் அனுப்பிய படை வென்றதாக மெய்க்கீர்த்தி பாடும் இடங்களில் அடையாளம் காணப்பட்டவை சுமத்ரா, மலாய் தீபகற்பம், நிக்கோபார் பக்கமே நின்றுவிடுகின்றன.

அப்படியானால் செபுவில் ராஜா ஹுமாபோன், மணிலாவில் ராஜா சுலைமான் என்ற பட்டங்கள் எப்படி வந்தன என்று அடுத்துக் கேட்பார்கள். சுமத்ரா, ஜாவா, போர்னியோ வழியாக வந்த வணிகமும் மொழியும் கொண்டுவந்தவை அவை. படையெடுப்பு இல்லாமலேயே சொற்கள் கடல் தாண்டும். இல்லாத வெற்றியைச் சொல்லிப் பெருமைப்படுவதைவிட, இருக்கும் உறவைத் தெரிந்துகொள்வது நமக்கு அழகு.

அந்த உண்மையான உறவு என்ன?

முதலில் சொற்கள். தகலோக்கில் ஆசிரியர் ‘குரோ’, முகம் ‘முகா’, வனதேவதை ‘திவாதா’, வறுமை ‘துகா’. இவை சமஸ்கிருதத்திலிருந்து போனவை. மாம்பழம் அங்கே ‘மங்கா’. நம் மாங்காய்தான் மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்தது. முருங்கையை ‘மலுங்காய்’ என்கிறார்கள். அதன் கீரையைப் போட்டுக் கோழிச் சாறு வைக்காத வீடு அபூர்வம்.

இரண்டாவது, துணி. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் மணிலாவுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி மெக்சிகோவரை சென்றன. சென்னையின் ஆர்மீனிய வணிகர்கள் இந்த வியாபாரத்தில் பெரும்பங்கு வகித்தார்கள்.

மூன்றாவதுதான் பலருக்கும் வியப்பளிப்பது. 1762-இல் மணிலாவைப் பிடித்த ஆங்கிலேயப் படை புறப்பட்டது சென்னையிலிருந்து. ஸ்பெயினுடன் போர் மூண்டதும் வில்லியம் டிரேப்பர் என்ற தளபதியின் கீழ் ஆங்கிலேய வீரர்களோடு சென்னைச் சீமையில் திரட்டிய சுமார் 600 சிப்பாய்களும் கப்பலேறினார்கள். செப்டம்பர் கடைசியில் மணிலா விரிகுடாவை அடைந்தார்கள். அக்டோபர் 6-ஆம் தேதி நகரம் சரணடைந்தது. அதன்பின் மணிலாவை நிர்வகிக்க வந்தவர் சென்னைக் கோட்டையின் கம்பெனி அதிகாரி டாசன் டிரேக். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, மணிலா சென்னையின் கிளை அலுவலகம்போல நடந்தது.

1764-இல் ஆங்கிலேயர் திரும்பினார்கள். சிப்பாய்கள் எல்லோரும் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரிலும் அதை ஒட்டிய தைதாயிலும் சிலர் தங்கி, அங்குள்ள பெண்களை மணந்துகொண்டார்கள். இன்றும் அந்த வட்டாரத்தில் தங்கள் முன்னோர் ‘சிப்பாய்’ என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. நிலக்கடலைக் குழம்பில் மாட்டு வால் வேகவைக்கும் ‘கரே-கரே’ உணவின் பெயர், அவர்கள் வைத்த கறியிலிருந்து வந்தது என்று அந்த ஊரில் பெருமையோடு சொல்வார்கள். அது வாய்மொழிதான், அதைச் சொல்லும்போது அவர்களிடம் தெரியும் ஒட்டுதல் எனக்குப் பிடிக்கும். எந்த ஊரில் பிறந்து, யாருடைய போருக்காகப் போய், திரும்பி வராமலே போன அந்தச் சிப்பாய்களுக்கு இங்கே ஒரு நடுகல்கூட இல்லை.

மகெல்லனைக் கொன்றவர் யார்?

1521 ஏப்ரல் 27 அன்று மக்டான் தீவின் கரையில் லாபுலாபுவின் ஆட்கள். செபுவின் ஹுமாபோன் ஞானஸ்நானம் பெற்று மகெல்லனுடன் நட்புக் கொண்டிருந்தார். மக்டானின் தலைவர்களில் ஒருவரான லாபுலாபு பணிய மறுத்தார். கடல் ஆழமில்லாததால் கப்பல்கள் கரையை நெருங்க முடியவில்லை; பீரங்கி எட்டவில்லை. இரும்புக் கவசத்தோடு தொடையளவு நீரில் நடந்து வந்தவர்களை, கால்களைக் குறிவைத்து அடித்தார்கள். உடனிருந்த இத்தாலியர் பிகஃபெத்தா இதை எழுதி வைத்திருக்கிறார். லாபுலாபு இன்று தேசிய வீரர். மீன் சந்தையில் களவா மீனுக்கும் அதே பெயர்தான்.

மகெல்லன் ஹுமாபோனின் மனைவிக்குக் கொடுத்த குழந்தை இயேசு சிலை, 44 ஆண்டுகள் கழித்து ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் படை வந்தபோது எரிந்த ஒரு வீட்டில் பெட்டிக்குள் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் மழை வேண்டி அதைக் கடலில் நனைத்து வழிபட்டதாகச் செபு மக்கள் சொல்வார்கள். ஜனவரி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ‘சினுலோக்’ ஆட்டம் அந்தச் சிலைக்காகத்தான். இரண்டடி முன்னே, ஓரடி பின்னே. ஆற்று நீரோட்டத்தின் நடை அது.

ஆசியர்களுக்கு ஏன் ஸ்பானியக் குடும்பப் பெயர்கள்?

ஸ்பானிய இரத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஓர் அரசாணை. 1849-இல் ஆளுநர் கிளவெரியா, வரி வசூலிக்கவும் ஆட்களை அடையாளம் காணவும் வசதியாக, ஒரு பெயர்ப் பட்டியலை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பினார். குடும்பங்கள் அதிலிருந்து பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். சில மாகாணங்களில் பட்டியலின் பக்கங்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுத்ததால், ஓர் ஊர் முழுக்க ஒரே எழுத்தில் தொடங்கும் குடும்பப் பெயர்கள் அமைந்துவிட்டன. அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் இன்றும் ‘ர’ ஒலியில் தொடங்கும் பெயர்கள்தான் அதிகம்.

அதே கிளவெரியா ஒரு நாளையே நீக்கியவர். மணிலா நெடுங்காலம் மெக்சிகோ வழியாக ஆளப்பட்டதால், அதன் நாட்காட்டி அண்டை நாடுகளைவிட ஒரு நாள் பின்தங்கியிருந்தது. அதைச் சரிசெய்ய 1844 டிசம்பர் 30 திங்களுக்கு அடுத்த நாளை 1845 ஜனவரி 1 புதன் என்று அறிவித்தார். அந்த நாட்டில் 1844 டிசம்பர் 31 என்ற நாள் விடியவே இல்லை.

மெக்சிகோவுடன் அப்படி என்ன தொடர்பு?

1565 முதல் 1815 வரை, 250 ஆண்டுகள், மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையே ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெருங்கப்பல்கள் ஓடின. போகும்போது சீனப் பட்டு, பீங்கான், இந்தியத் துணி, வரும்போது வெள்ளி. மக்காச்சோளம், தக்காளி, அன்னாசி எல்லாம் அந்தப் பாதையில் வந்தவை. அன்னாசி இலையின் நாரை உரித்து, முடியைவிட மெல்லிய இழையாக்கி, அக்லான் மாகாணப் பெண்கள் நெய்யும் துணிதான் ‘பின்யா’. மேல்நாட்டுச் செடி, உள்ளூர்க் கை. ஆண்கள் விழாக்களில் அணியும் மெல்லிய ‘பாரோங்’ சட்டைக்கு அதைவிட உயர்ந்த துணி இல்லை. 2023-இல் அந்த நெசவு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

எதிர்த்திசையில் போனது கள். கப்பலில் போன பிலிப்பினோ மாலுமிகள் மெக்சிகோவின் கோலிமா கரையில் தங்கித் தென்னை ஏறிக் கள் இறக்கினார்கள். ‘தூபா’ என்ற அதே தகலோக் பெயரில் கோலிமாத் தெருக்களில் அது இன்றும் விற்கப்படுகிறது.

ரிசாலை ஏன் அவ்வளவு கொண்டாடுகிறார்கள்? அவர் படை நடத்தவில்லையே?

ஹோசே ரிசால் கண் மருத்துவர். தாயின் கண்புரையைத் தானே அறுவை செய்தவர். ‘நோலி மே தாங்கெரே’ (1887), ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ (1891) என்ற இரண்டு நாவல்களில் மடாலயங்களின் அதிகாரத்தையும் ஸ்பானிய ஆட்சியின் அநீதியையும் தோலுரித்தார். ஆயுதம் ஏந்தியவர் ஆந்திரேஸ் போனிஃபாசியோ. 1892-இல் கத்திபுனான் என்ற ரகசிய இயக்கத்தைத் தொடங்கியவர். 1896-இல் கலகம் வெடித்ததும் பழி ரிசால் மீது விழுந்தது. டிசம்பர் 30 காலையில் மணிலாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 35.

முந்தைய நாள் சிறைக்கு வந்த தங்கையிடம் ஒரு சிறு சாராய அடுப்பைக் கொடுத்து, காவலர்களுக்குப் புரியாதபடி ஆங்கிலத்தில், உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மடித்து மடித்துச் சிறிதாக்கிய தாளில் 14 பத்திகள் கொண்ட கடைசிக் கவிதை அதற்குள் இருந்தது. தலைப்பில்லை, கையெழுத்தில்லை.

போனிஃபாசியோவின் முடிவு இன்னும் கசப்பானது. 1897 மே மாதம், புரட்சியின் மற்றொரு தலைவரான அகினால்டோவின் தலைமையை ஏற்ற சொந்தப் புரட்சிக்காரர்களே அவரை விசாரித்துச் சுட்டார்கள். நவம்பர் 30, அவருடைய பிறந்த நாள், இன்று தேசிய விடுமுறை.

சுதந்திர தினம் ஜூன் 12-ஆ, ஜூலை 4-ஆ?

இப்போது ஜூன் 12. 1898-இல் அந்த நாளில் அகினால்டோ காவித் நகரில் விடுதலையை அறிவித்தார். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பெயின், பிலிப்பைன்ஸை இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. 1899-இல் அமெரிக்காவுடன் தொடங்கிய போர் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. 1901-இல் ‘தாமஸ்’ என்ற கப்பலில் அமெரிக்க ஆசிரியர்கள் வந்திறங்க, பள்ளிக்கூட மொழி ஆங்கிலமானது. பாதிரியார்கள் உள்ளூர் மொழிகளைக் கற்றே வேதம் போதித்ததால் ஸ்பானிய மொழி சாதாரண மக்களிடம் இறங்கவே இல்லை. ஆங்கிலம் இறங்கியது இந்தப் பள்ளிகளால்.

பிறகு ஜப்பானிய ஆக்கிரமிப்பு. 1945 பிப்ரவரி, மார்ச்சில் மணிலாவை மீட்கும் சண்டையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் இறந்தார்கள். 1946 ஜூலை 4 அன்று அமெரிக்கா விடுதலை அளித்தது. 1962-இல் குடியரசுத் தலைவர் மகபகால் கொண்டாட்டத்தை ஜூன் 12-க்கு மாற்றினார். பிறர் கொடுத்த தேதியைவிடத் தாங்கள் அறிவித்த தேதி பெரிது என்று முடிவு செய்ததை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

இஃபுகாவோ மலைப்படி வயல்கள் உண்மையிலேயே இரண்டாயிரம் ஆண்டு பழமையானவையா?

பள்ளிப் பாடம் அப்படித்தான் சொல்லிவந்தது. தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாதோவும் அவர் குழுவும் வடக்கே இஃபுகாவோவின் கியாங்கானில் செய்த அகழாய்வுகள் வேறு கதை சொல்கின்றன: ஈர நெல் சாகுபடிக்கான படிகள் பெரிய அளவில் எழுந்தது ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன். சமவெளியில் ஸ்பானியர் பரவியபோது மலையேறிய மக்கள், தங்களைக் காத்துக்கொள்ள எழுப்பிய ஏற்பாடு அது. வயது குறைந்ததில் அங்கே சிலருக்கு வருத்தம். எனக்கோ மதிப்பு கூடியது. அடிமையாக மறுத்த மக்கள், சில தலைமுறைகளில் மலையையே வயலாக மாற்றினார்கள் என்றல்லவா பொருள்?

வயலை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். ஒவ்வொரு வயல் தொகுதிக்கும் மேலே, குடும்பம் வழிவழியாகக் காக்கும் ‘முயோங்’ என்ற காடு உண்டு. மழையைப் பிடித்து வைத்து ஊற்றாகக் கசியவிடுவது அதுதான். காடு போனால் நீர் போகும், நீர் போனால் கல் வரப்பு வெடிக்கும், ஒரு வரப்பு சரிந்தால் கீழே உள்ளவையும் சரியும். ‘தினாவோன்’ என்ற பாரம்பரிய நெல் ஆண்டுக்கு ஒரே போகம். களஞ்சியத்தில் ‘புலுல்’ எனப்படும் மரத்தெய்வம் காவல் இருக்கும். விதைப்பிலும் அறுவடையிலும் இழவு வீட்டிலும் பெண்கள் ‘ஹுத்ஹுத்’ பாடுவார்கள். ஒருத்தி அடியெடுக்க மற்றவர்கள் தொடர்வார்கள், ஒரு கதை முடிய மூன்று நான்கு நாள்கூட ஆகும்.

1995-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஐந்து தொகுதிகள் பதாத், பங்காவான், மயோயாவ், ஹுங்துவான், நகாகதான். சுற்றுலாப் படங்களில் காணும் பனாவே காட்சி முனை வயல்கள் அதில் இல்லை. இளைஞர்கள் நகரங்களுக்குப் போக, வரப்புகள் சிதைந்ததால் 2001-இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். சீரமைப்புக்குப் பின் 2012-இல் நீக்கினார்கள். கல்லடுக்கத் தெரிந்த கைகள் இன்னும் குறைந்துகொண்டுதான் வருகின்றன.

இராமாயணம் அங்கே உண்டா?

உண்டு, முஸ்லிம் மக்களிடம். மிண்டனாவோவின் லனாவோ ஏரிக்கரையில் வாழும் மரனாவோ மக்கள் ‘மகாராதியா லவானா’ என்ற கதையைச் சொல்கிறார்கள். லவானா நம் இராவணன்தான். அறிஞர் ஹுவான் பிரான்சிஸ்கோ அதைப் பதிவு செய்து மொழிபெயர்த்தார். அங்கே நாயகன் வில்லை முறிப்பதில்லை. பிரம்புப் பந்தை உதைத்து இளவரசியின் அறைக்குள் விழச் செய்து அவளை வெல்கிறான். பொன்மானுக்குப் பதிலாகப் பொற்கொம்பு ஆடு. இலக்குமணன் என்ற பெயர் குரங்கு வீரனுக்குப் போயிருக்கிறது. இதே மக்களின் ‘தரங்கென்’ காப்பியம் 17 பகுதிகளும் 72,000 அடிகளும் கொண்டது.

கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுமா?

கடைகளில் பாட்டு தொடங்கிவிடும். வழிபாடு தொடங்குவது டிசம்பர் 16 விடியற்காலையில். ‘சிம்பாங் காபி’ என்ற ஒன்பது நாள் அதிகாலைப் பூசை. வயலுக்குப் போகும் உழவர்கள் கலந்துகொள்ளவே இருட்டில் வைத்தார்கள் என்பார்கள். நமக்கு மார்கழி பிறக்கும் அதே நாளில், அதே பனியில், அங்கேயும் ஊரே எழுந்து கோயிலுக்கு நடக்கிறது. தொடர்பொன்றும் இல்லை, ஆனாலும் நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

பூசை முடிந்து வெளியே வந்தால் அடுப்புகள். மேலும் கீழும் தணல் வைத்து வாழையிலையில் சுடும் ‘பிபிங்கா’. அதன் பக்கத்தில் ‘புதோ பும்போங்’: ஊதா நிற அரிசி மாவை மூங்கில் குழாயில் அடைத்து ஆவியில் வேகவைத்துத் தட்டி எடுத்து, தேங்காய்த் துருவலும் கரும்புச் சர்க்கரையும் தூவித் தருவார்கள். நாகர்கோவில்காரரும் யாழ்ப்பாணத்தவரும் அதைப் பார்த்தால் பெயர் கேட்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வீடு தொங்கும் நட்சத்திர விளக்குக்குப் பெயர் ‘பரோல்’. அதன் உச்சம் பம்பாங்கா மாகாணத்தின் சான் பெர்னாண்டோ நகரில் நடக்கும் இராட்சத விளக்குப் போட்டி. ஒவ்வொரு விளக்கும் சுமார் 20 அடி உயரம், ஆயிரக்கணக்கான பல்புகள். பாட்டுக்கேற்ப அவை பூவாக விரிந்து சுழன்று ஆடும். பின்புறம் போய்ப் பார்த்தால் பெரிய இரும்பு உருளைகள் இருக்கும். அவற்றின் மேல் வரிசை வரிசையாகக் காகித ஒட்டுநாடா. பெண்கள் தலையில் செருகும் கொண்டை ஊசிகள் கம்பி முனைகளாக உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஊசி இரும்பில் பட்டால் விளக்கு எரியும், நாடாவில் பட்டால் அணையும். ஓர் ஆள் தாளத்துக்கு உருளையைச் சுற்றுகிறார். ஒரு பாட்டின் முழு ஒளியாட்டமும் அந்த நாடாத் துண்டுகளில் எழுதப்பட்டிருக்கிறது.

புனித வெள்ளியன்று தங்களைச் சிலுவையில் அறைந்துகொள்கிறார்களாமே?

பம்பாங்காவின் சான் பெத்ரோ குதூத் கிராமத்தில் 1962 முதல் ஒரு சிலர் நேர்த்திக்கடனாகச் செய்கிறார்கள். திருச்சபை அதை ஊக்குவிப்பதில்லை. கேமராக்கள் எல்லாம் அங்கேதான் குவிகின்றன. அதனால் நாடே அப்படி என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் எங்கும் நடப்பது ‘பபாசா’. இயேசுவின் பாடுகளைச் செய்யுளாகச் சொல்லும் ‘பாஸ்யோன்’ நூலைத் தெருவோரப் பந்தலில் இரவு பகலாக மாறி மாறிப் பாடுவார்கள். ஸ்பானியருக்கு எதிராக எழுந்த ஏழை உழவர்கள் தங்கள் துயரையும் விடுதலையையும் இந்தப் பாட்டின் சொற்களிலேயே புரிந்துகொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் ரெய்னால்டோ இலேதோ காட்டியிருக்கிறார். ஆளவந்தவர்கள் கொடுத்த கதை, ஆளப்பட்டவர்களின் கையில் ஆயுதமானது.

பிலிப்பினோ வீட்டுக்குப் போனால் எப்படி நடந்துகொள்வது?

பெரியவர்களைக் கண்டால் ‘மானோ போ’ என்று சொல்லி, குனிந்து அவர்கள் கையின் பின்புறத்தை உங்கள் நெற்றியில் வைத்துக்கொள்ளுங்கள். காலில் விழுந்து ஆசி வாங்கிப் பழகிய நமக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டாம். அந்தப் ‘போ’ மரியாதைச் சொல்; நாம் ‘வாருங்கள்’ என்பதில் ‘ங்கள்’ செய்யும் வேலையை அது செய்கிறது. அண்ணன் ‘குயா’, அக்கா ‘ஆத்தே’. கடைக்காரரையும் ஓட்டுநரையும்கூட அப்படியே அழைக்கலாம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது கையில் ஏதாவது தின்பண்டம் வேண்டும். அதற்குப் ‘பசலூபோங்’ என்று பெயர். வெறுங்கையோடு போகாதீர்கள்.

மணிலாவில் ஒரே நாள்தான் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

காலையில் இந்த்ராமுரோஸ் கோட்டைக்குள் சான் அகுஸ்தின் தேவாலயம். 1607-இல் கட்டி முடித்தது. 1945-இன் குண்டுவீச்சில் கோட்டைக்குள் தப்பிய ஒரே தேவாலயம்.

பிறகு தேசிய மானுடவியல் அருங்காட்சியகம். கட்டணம் இல்லை. செப்புத் தகட்டைப் பாருங்கள். அதைப் பார்த்த கையோடு மனுங்குல் தாழியைத் தேடிப் போங்கள். பலவான் குகையில் கிடைத்த, கி.மு. 890–710 காலத்து முதுமக்கள் தாழி. ஆதிச்சநல்லூர்த் தாழிகளைக் கண்டவர்களுக்கு அதன் வயிறும் வளைவும் பழகியதாகத் தோன்றும். மூடியில் ஒரு படகு, படகில் இருவர். முன்னால் இருப்பவர் மார்பில் கைகளைக் குறுக்காக வைத்து அமர்ந்திருக்கிறார்; இறந்தவர் அவர். பின்னால் இருப்பவர் துடுப்புப் பிடிக்கிறார். துடுப்பின் அலகு எங்கோ உடைந்து போய்விட்டது. கைகள் மட்டும் இன்னும் பிடித்த பிடியிலேயே இருக்கின்றன.